கண் விட்டுப்போகும் முன்னே

ஒரு பிள்ளைச் சுவெட்டர். மூன்று வயதுப் பிள்ளைக்கு அளவாக இருக்கும். கரும்பச்சை நூலில் பின்னி, மார்புக்குக் குறுக்கே வெள்ளையில் இரண்டு வரிசை கூம்புகள் போட்டிருக்கிறார்கள். ஹாலிஎலக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பரா ஒன்றின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து அதை என் கையில் கொடுத்தார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் முன்பக்கத்தைப் பார்த்து அழகு என்றார்கள். நான் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைக் காட்டினேன்.

பின்னியவரின் கை உள்பக்கத்தில்தான் தெரியும். ஒரே வரியில் இரண்டு நிறம் வரும்போது, தேவைப்படாத நிறம் பின்னால் படுத்தபடியே ஓட வேண்டும். வெள்ளை மூன்று கண், நான்கு கண் பின்னால் ஓடி, தன் முறை வந்ததும் முன்னால் வருகிறது. அப்போது பச்சை பின்னால் போய்விடுகிறது. ஓடும் நூலை இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கி நெஞ்சைப் பிடிக்கும். தளர விட்டால் போடும்போது பிள்ளையின் விரல் மாட்டும். இந்தச் சுவெட்டரில் ஒரு நூல்கூட இறுகவில்லை, ஒன்றுகூடத் தொங்கவில்லை. முழங்கையில் மட்டும் வேறு பச்சை. நைந்துபோன இடத்தைப் பிற்பாடு யாரோ அடைத்திருக்கிறார்கள். கழுத்துப் பட்டியின் நூல் மற்றதைவிட மெலிது, லேசாக நெளிந்தும் இருக்கிறது. அது ஏற்கெனவே வேறொரு சுவெட்டராக இருந்த நூல். பழையதை அவிழ்த்து, நாற்காலி முதுகில் சுற்றி, நனைத்து, அடியில் கல் கட்டித் தொங்கவிட்டு நெளிவெடுத்து மறுபடி பின்னுவார்கள். எவ்வளவு கனமான கல்லைக் கட்டினாலும் நெளிவு முழுக்கப் போகாது.

பின்னியவர் புள்ளக்காம்பராவில் ஆயம்மாவாக இருந்தவர். கொழுந்தெடுக்க மலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே பின்னியது இது. தன் பிள்ளைகள், பிறகு தங்கையின் பிள்ளை, அதற்குப் பிறகு பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் என்று ஐந்து பேர் போட்டுக் கழித்திருக்கிறார்கள். அவர் பெயர் எனக்குத் தெரியும். அவருடைய மக்கள் எல்லோரிடமும் இன்னும் கேட்கவில்லை என்பதால் இங்கே எழுதவில்லை.

பெரகலையில் தொடங்கி அப்புத்தளை, பண்டாரவளை வழியாக வரும் ஏ16 வீதி ஹாலிஎலயில் முடிந்து, நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாக இறங்கும் ஏ5 வீதியோடு சேர்கிறது. இரண்டு மலைப்பாதைகளின் சனமும் சரக்கும் இங்கே கலந்துதான் பதுளைக்குப் போகும். கடைவீதியில் நின்றால் குளிர் பெரிதாகத் தெரியாது. எட்டம்பிட்டியப் பக்கம் ஏற ஏறத் தெரியும். மார்கழியிலும் தையிலும் வடகீழ்ப் பருவமழை நாள்கணக்கில் தூறும்போது லயத்துச் சுவரே ஈரம் கோத்துக்கொள்ளும். பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் தொப்பியும் காலுறையும் சுவெட்டரும் அலங்காரச் சாமான் அல்ல, மருந்துச் செலவை மிச்சப்படுத்துகிற சாமான்.

ஆனாலும் மலையகத்தில் கம்பளி நூலின் கதை சுவெட்டரில் தொடங்கவில்லை. கம்பளியிலேயே தொடங்குகிறது. தென்னிந்தியாவில் ஆட்டு மயிரில் நெய்த, கறுத்துத் தடித்த போர்வை அது. கொழுந்தெடுக்கும் பெண் அதைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டு முதுகில் தொங்கவிட்டு, அதன் மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டாள். ஆட்டு மயிரின் எண்ணெய்ப்பசை மழையை உடனே உள்ளே விடாது. இரவில் அதுவே பாய்மேல் விரிப்பு, அதுவே பிள்ளைக்குப் போர்வை. தோட்டம் அதைக் கடனாகக் கொடுத்து விலையைச் சம்பளத்தில் பிடித்தது. அரிசிக்குப் பிடித்ததைப் போலவே கம்பளிக்கும் பிடித்தார்கள். கடனைத் துண்டுக் கடதாசியில் எழுதி வைத்து, அதை அடைக்காமல் ஒருவர் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாதபடி கட்டிப்போட்டிருந்த துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

கம்பளி கணக்கில் ஏறியது. அதனால் ஆவணத்தில் இருக்கிறது. மண்ணெண்ணெய் விளக்கடியில் அம்மா பின்னிய சுவெட்டர் யார் கணக்கிலும் ஏறவில்லை. அதனால் எந்த ஆவணத்திலும் இல்லை. பழைய பதிவேடுகளைப் புரட்டினால் நம் சனத்துக்கு என்னென்ன கொடுத்தார்கள், எவ்வளவு கழித்தார்கள் என்று பார்க்கலாம். நம் சனம் தன் கையால் என்ன செய்தது என்று அங்கே பார்க்க முடியாது. அது பெட்டிகளில் இருக்கிறது, பரணில் சாக்குக்குள் இருக்கிறது, எண்பது வயதுக் கைகளில் இருக்கிறது. இவற்றை ஒன்றுசேர்த்து, ஹாலிஎலயில் ஒரு துணித் தொகுப்பாகப் பேணி வைக்க வேண்டும். அதை ஒரு திணைக்களத்தின் தலையிலோ ஒரு கம்பெனியின் தலையிலோ கட்டிவிட்டு நாம் ஒதுங்கக் கூடாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பின்னலை மலையகத்தின் பூர்வீகக் கலை என்று நான் பெருமை பேச வரவில்லை. ஊசி இரண்டையும் வெள்ளைக்காரர்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒரு கை எங்கிருந்து கற்றது என்பதைவிட, கற்றதை வைத்து என்ன செய்தது என்பதுதான் எனக்குப் பெரிது. என் சித்திக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்தவர் ஒரு சிங்கள டீச்சர். நூல் வாங்கியது பதுளைக் கடைவீதியில் ஒரு நானாவின் கடையில். பாதிப் பணம் கையில், பாதி சம்பளத்துக்குப் பிறகு. ஊசிக்குச் சைக்கிள் கம்பியை அறுத்து, முனையைக் கருங்கல்லில் தேய்த்துக் கொடுத்தவர் சித்தப்பா. நீலகிரியில் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் 1949இல் தொடங்கிய ஊசித் தொழிற்சாலையின் ‘போனி’ ஊசிகள் இன்று உலகம் முழுக்கப் போகின்றன. அதே மாதிரி ஊசி ஒரு சோடி பிற்காலத்தில் சித்தியின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகும் சைக்கிள் கம்பியை அவர் வீசவில்லை. “இதுலதான் கண்ணு ஒரே அளவா விழுது, தங்கச்சி” என்று என்னிடம் சொல்வார். ஒரு சுவெட்டருக்குள் மூன்று இனத்துக் கை இருக்கிறது. அதைக் காப்பதிலும் அந்த மூன்று கையும் இருக்க வேண்டும் என்று நான் கேட்பது ஒற்றுமை விழாவில் பேசுகிற பேச்சுக்காக அல்ல. நூலின் கணக்கே அப்படித்தான் இருக்கிறது.

சுவெட்டரைவிட வேகமாக அழிவது லேஸ். கொக்கி ஊசியில் போட்ட மேசை விரிப்பு, ரேடியோப் பெட்டி மூடி, தலையணை உறையின் ஓரம், சாமித் தட்டில் போடும் வட்டத் துணி, பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாளில் போடும் தொப்பி. நாம் இவற்றைத் துணி என்றுகூட நினைப்பதில்லை. கறை பட்டால் அடுப்புத் துடைக்க எடுத்துவிடுகிறோம். இரண்டு ஊசியில் போடும் லேஸைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். அதில் துளை என்பது விட்டுப்போன கண் அல்ல. நூலை ஊசியில் ஒருமுறை சும்மா சுற்றினால் ஒரு கண் கூடும். அந்த இடத்தில் துளை விழும். கூடிய கண்ணுக்கு ஈடாகப் பக்கத்தில் இரண்டு கண்ணைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும், இல்லாவிட்டால் துணி வரிக்கு வரி அகன்றுகொண்டே போகும். எத்தனை துளையோ அத்தனை சேர்க்கை. எதை எதற்கு வலப்பக்கம் சேர்ப்பது, எதை இடப்பக்கம் சேர்ப்பது என்பதில்தான் இலை சாய்வதும் பூ விரிவதும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பெண்கள் இந்தக் கணக்கை மனதில் ஓட்டிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதையும் பேசிக்கொண்டு போட்டார்கள்.

தமிழ்ப் பெண்ணின் கைக்கு லேஸ் புதிதும் அல்ல. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அங்கே கற்றவர்களில் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். லேஸில் வந்த காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. மார்த்தாவின் மகள் எலைசா, கால்டுவெல்லை 1844இல் மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடவே போனது. கோப்பித் தோட்டங்களுக்கு நம் மூத்தவர்களின் முதல் கூட்டம் கடல் கடந்து வந்ததும் அதே 1820களில்தான். இங்கே இலங்கையிலேயே காலி, வெலிகமைப் பக்கத்துப் பெண்கள் தலையணையில் குண்டூசி குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் பீரளு லேஸுக்கு நாடறிந்த பெயர் இருக்கிறது. மலையகப் பெண் போட்ட லேஸுக்கு நாம் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

கைவேலையைப் பேணி வைக்கும் வேலையைச் சாதித்துக் காட்டிய ஓர் ஊரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே கடலுக்குள் இருக்கிறது ஷெட்லண்ட் தீவுக்கூட்டம். மொத்தச் சனம் ஏறத்தாழ 23,000. நம் ஹாலிஎல பிரதேச செயலகப் பிரிவில் இருப்பதைவிடக் குறைவு. இரண்டு நிறப் பின்னலுக்கு உலகப் பெயர் வாங்கிய ஃபெயார் ஐல் அந்தக் கூட்டத்தில் ஒரு சின்னத் தீவு. அங்கே எத்தனை நிறம் போட்டாலும் ஒரு வரியில் இரண்டுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். நம் ஆயம்மா செய்ததும் அதுதான். அதே தீவுகளின் லேஸ் சால்வை, ஆள் முழுக்கப் போர்த்தும் அகலம் இருந்தும், கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும் மெல்லிசு.

அந்தப் பெண்களின் பழைய புகைப்படம் ஒன்றை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதுகில் கூடை. கூடை நிறைய அடுப்புக்கு எரிக்கிற கரிமண். கயிறு நெஞ்சுக்குக் குறுக்கே வருகிறது. இரண்டு கையும் பின்னிக்கொண்டிருக்கின்றன. மேட்டில் நடந்துகொண்டே பின்னியிருக்கிறார்கள். கூடையும் கயிறும் மேடும் நமக்குத் தெரியாததா?

அவர்கள் பட்டதும் நம் பாடுதான். பின்னியதை வாங்கிய வியாபாரிகள் காசு கொடுக்கவில்லை. தங்கள் கடைச் சாமானாகக் கொடுத்தார்கள். இதை விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கை 1872இல் வந்தது. பின்னலுக்குக் கூலியாகத் தேயிலை வாங்கிக்கொண்டு, அதை மாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் மாற்றிப் பிள்ளைகளுக்குப் பசியாற்றியதைப் பெண்கள் அந்த விசாரணையில் சொல்லியிருக்கிறார்கள். அது நம் தேயிலை அல்ல. இலங்கைத் தேயிலையின் முதல் பொதி, வெறும் 23 இறாத்தல், லண்டனுக்குப் போனது 1873இல். ஆனால் ஒரு பெண்ணின் உழைப்பைக் காசாகக் கொடுக்காமல் சாமானாகக் கொடுத்துக் கடனிலேயே வைத்திருக்கும் தந்திரம், அங்கே பின்னலில் நடந்தது, இங்கே கொழுந்தில் நடந்தது.

அந்தத் தீவுகளில் இன்று என்ன இருக்கிறது என்பதுதான் நமக்குப் பாடம். தலைநகர் லேர்விக்கில் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் ஒரே கூரைக்குக் கீழ் 2007இல் திறந்தார்கள். அங்கே துணித் தொகுப்புக்குத் தனி இடம். பின்னுகிறவர்களே சேர்ந்த சங்கம் தனியாக. 2010இல் பாடசாலைகளில் பின்னல் கற்பிப்பதைத் தீவு நிர்வாகம் செலவைச் சொல்லி நிறுத்தத் தீர்மானித்தது. ஊர் அதோடு விட்டுவிடவில்லை. சில வருடத்துக்குள் பின்னத் தெரிந்த பெரியவர்கள் சம்பளம் வாங்காமல் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். ஓர் அறக்கட்டளை அதற்குக் கைகொடுத்தது. அரசாங்கம் விட்ட கண்ணை ஊர் எடுத்து மறுபடி ஊசியில் ஏற்றியது.

அதே 2007இல் நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. கம்பளைப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகத்தை சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைத்தது. நம் சனத்தின் சாமான், கருவி, நகை, காகிதம் எல்லாம் அங்கே இருக்கின்றன. அதைத் தனியாகத் தூக்கி நிறுத்தியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் மலையகம் முழுவதற்கும் ஓர் இடம் போதாது. ஊவாவின் துணி ஊவாவில் இருந்தால்தான், பின்னியவரின் பேத்தி பஸ்ஸில் ஏறி ஒரு மணித்தியாலத்தில் வந்து பார்த்துவிட்டுப் போக முடியும்.

அவசரம் என்ன என்று கேட்கலாம். 1977க்குப் பிறகு வெளிநாட்டுத் துணி தாராளமாக இறங்கியது. நுவரெலியாவில் பேல் பஜார் என்றே குளிர் உடுப்புக்கு ஒரு கடைத்தொகுதி இருக்கிறது. அங்கே ஒரு சுவெட்டர் வாங்குகிற காசுக்கு நூல்கூட வாங்க முடியாது. பின்னுகிறவர்கள் ஓய்ந்தார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. எட்டு மணித்தியாலம் மலையில் நின்றுவிட்டு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, அதற்கு மேல் கண்ணெரியப் பின்ன வேண்டும் என்று எந்தப் பெண்ணையும் நான் கேட்க மாட்டேன். ஆனால் பின்னியவை பெட்டியிலாவது இருந்தன. இப்போது பெட்டியும் போகிறது. லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குப் போகிறவர்கள் பழைய டிரங்கைக் கொண்டுபோவதில்லை. பிள்ளைகள் சிலர் கொழும்பில், சிலர் வளைகுடாவில்.

அதற்கும் முன்னால் ஒரு பெரிய போக்கு நடந்திருக்கிறது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குப் போன ரயிலை அழுகைக் கோச்சி என்று மலையகம் இன்றும் சொல்கிறது. அந்தப் பெட்டிகளுக்குள் போன சுவெட்டர்கள் இன்று கோத்தகிரியிலோ கூடலூரிலோ யார் வீட்டுப் பரணில் இருக்கின்றனவோ. பிறகு 2014 ஒக்டோபர் 29. நம் மாவட்டத்திலேயே, கொஸ்லந்தை மீரியபெத்தையில், காலை வேளையில் மலை இறங்கி லயங்களை மூடியது. ஆள்களையே மீட்க முடியாத இடத்தில் பெட்டியைப் பற்றி யார் கேட்பார்கள்? அந்தக் குடும்பங்களில் மிஞ்சியவர்களுக்குத் தாயின் கைப்பட்ட ஒரு துணி கிடையாது. மண் சரிகிற மலையில் வாழ்கிறவர்கள் நாம். ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, படத்தை வேறு இடத்திலும் வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

போன சில மாதமாக இதைப் பற்றிப் பலரிடம் பேசினேன். தோட்டத்துப் பக்கம் போனால், அது கலாசாரத் திணைக்களத்தின் வேலை என்கிறார்கள். அலுவலகத்துக்குப் போனால், தோட்டக் காணி கம்பெனியுடையது, கட்டடம் அவர்கள்தான் தர வேண்டும் என்கிறார்கள். தொழிற்சங்கத்தில் கேட்டால் சம்பளப் பிரச்சினை முடியட்டும் என்கிறார்கள். வீட்டில் கேட்டால், “இந்தக் கந்தலையா கேக்குறீங்க?” என்று வெட்கப்பட்டு மூடிவைக்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லா நியாயத்தையும் கூட்டினால் பெட்டி திறக்கப்படாது, அவ்வளவுதான்.

ஆகவே ஒவ்வொருவரிடமும் கொஞ்சமாகக் கேட்கிறேன். கம்பெனிகளிடம் கேட்பது ஒரு அறை. மூடிக் கிடக்கும் பழைய புள்ளக்காம்பரா ஒன்று, கூரை ஒழுகாமல், சன்னலுக்குக் கதவு போட்டு. பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம் கேட்பது, மூன்று இனத்துப் பெண்களும் இருக்கிற ஒரு குழுவைக் கூட்டி, அதற்கு ஒரு சட்டபூர்வப் பெயர் வாங்கித் தருவது. பிரதேச சபை மின்சாரக் கட்டணத்தை ஏற்கட்டும். பாடசாலைகளில் மனைப்பொருளியல் படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு அம்மாயியிடம் போய் உட்கார்ந்து, எந்தக் கண் எப்படிப் போட்டது என்று எழுதிவரட்டும்; அம்மாயியின் கை ஓடுவதைக் கைத்தொலைபேசியில் பிடித்துவரட்டும். கோயில் நிர்வாகமும் தேவாலயமும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரு ஞாயிறோ ஒரு வெள்ளியோ அறிவித்தால் போதும், பெட்டிகள் திறக்கும். பதுளையில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் அட்டவணை போட உதவ முடியும். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த பாதையில் நடந்தவர்களுக்கு எத்தனை ஊர்ச் சனம் சோறும் தண்ணீரும் கொடுத்தது என்பதைப் பார்த்தவர்கள் நாம். அவ்வளவு பெரிய காரியத்துக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு அறை பெரிதல்ல.

கேட்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டியதும் இருக்கிறது. பல வருடத்துக்கு முன் ஒரு பாடசாலைக் கண்காட்சிக்கு என் அம்மா தன் லேஸ் விரிப்பைக் கொடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் போட்டது. நடுவில் அன்னாசிப்பூ, ஓரத்தில் விசிறி. கண்காட்சி முடிந்து கேட்கப் போனபோது, பொருள்கள் எல்லாம் கொடுத்தாயிற்று என்றார்கள். அம்மா சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து, அந்த விரிப்பு கிடந்த மேசைமேல் ஒரு செய்தித்தாளை விரித்தார். அதற்குப் பிறகு அவர் கொக்கி ஊசியைத் தொட்டதை நான் பார்க்கவில்லை. அவரிடம் யாரும் ஒரு ரசீது கொடுக்கவில்லை. பெயர் எழுதி ஒரு துண்டுகூடக் குத்தவில்லை.

எனவே தொகுப்பு என்று ஒன்று வந்தால் முதல் செலவு ரசீதுப் புத்தகம். கொடுப்பவர் விரும்பினால் இனாம், விரும்பினால் இரவல். இரவல் என்றால் கேட்ட நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்க மனமில்லாதவர் வீட்டில் வைத்தே படம் எடுத்துக்கொள்ளலாம். பின்னியவர் பெயர், யாருக்காகப் பின்னியது, நூல் எந்தக் கடையில் வாங்கியது, இந்த மூன்றும் இல்லாமல் ஒரு பொருளும் உள்ளே போகக் கூடாது. பெரிய அருங்காட்சியகங்களில் பெண்களின் கைவேலைக்குக் கீழே ஊர் பெயர் இருக்கும், நூற்றாண்டு இருக்கும், ஆள் பெயர் இருக்காது. நாமும் அதே தப்பைச் செய்தால், தோட்டத்துச் சம்பளக் கணக்கு எழுதிய செக்ரோல் புத்தகத்தைவிட மோசமாகிவிடும். அதிலாவது பெயர் இருந்தது.

பொருளைப் பேணுவது பெரிய வித்தை அல்ல, ஆனால் தெரிந்து செய்ய வேண்டும். பின்னல் துணியைக் கம்பியில் தொங்கவிடக் கூடாது. தன் பாரத்தாலேயே நீண்டுவிடும். கழுவிக் கஞ்சியெடுத்த பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பு விழும் இடத்தில் சுருட்டிய துணி வைத்துப் படுக்கவைக்க வேண்டும். வெயில் படக் கூடாது. ஆட்டுக் கம்பளியா, செயற்கை நூலா என்று அறிய உள்தையலிலிருந்து ஒரு இழையை எடுத்துத் தீயில் காட்டினால் தெரிந்துவிடும்: கம்பளி மயிர் கருகும் வாடையோடு பொடியாகும், செயற்கை நூல் உருகி மணியாக இறுகும். அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியை. பூச்சி இருக்கும் என்று பட்டால், பொலித்தீன் உறையில் காற்றில்லாமல் கட்டி, வீட்டு உறைகுளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்தெடுத்தால் புழுவும் முட்டையும் சாகும். ஹாலிஎல கடைவீதியில் ஐஸ்கிரீம் பெட்டி வைத்திருக்கும் முதலாளிமார் வருடத்தில் இரண்டு வாரம் ஒரு மூலையைக் கொடுத்தால், அதுவும் இந்தப் பணியில் ஒரு பங்குதான்.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தெமோதரைக்கு அந்தப் பக்கம் எல்லயில் வெளிநாட்டுப் பயணிகள் நிறைந்து வழிகிறார்கள். தொகுப்பு கண்ணில் பட்டதும் இதை விற்கலாமே என்று ஒரு கூட்டம் வரும். விற்பது தப்பல்ல, பின்னத் தெரிந்த பெண்ணுக்கு அது வருமானம் என்றால் முதலில் சந்தோஷப்படுவது நான். ஆனால் ஆந்திராவின் நரசாபூர் லேஸ் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் எழுதிய நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஏற்றுமதி செய்தவர்கள் செழித்தார்கள், நாள் முழுக்க லேஸ் போட்ட பெண்கள் தொழிலாளி என்ற கணக்கில்கூட வரவில்லை, வீட்டில் சும்மா இருக்கிற மனைவிமார் ஓய்வு நேரத்தில் செய்வதாகவே கருதப்பட்டார்கள். நம் பெண்கள் கொழுந்தில் பட்டதை நூலிலும் படக் கூடாது. மாதிரி யாருடையதோ அவர் கேட்கும் விலைதான் விலை என்று குழு முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் வாய்ப்பேச்சில் விட்டால், ஒரு பருவத்துக்குள் தரகர் வந்துவிடுவார்.

பச்சைச் சுவெட்டர் இருந்த அதே பெட்டியின் அடியில், ஒரு பழைய சேலைக் கிழிசலில் சுற்றி, இன்னொன்று இருந்தது. முடியாத ஒரு கை. பழுப்பு நூல், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஏறியிருக்கிறது. ஊசியோடு அப்படியே நின்றுவிட்டது. பெரிய ஆள் அளவு. யாருக்குப் பின்னத் தொடங்கியது என்று மகளுக்குத் தெரியவில்லை; அப்பாவுக்காக இருக்கும் என்றார், பிறகு அண்ணனுக்காக இருக்கும் என்றார். ஊசி துருப்பிடித்திருக்கிறது, உருவிவிடட்டுமா என்று கேட்டார்.

“வேணாம் அக்கா, கண்ணு எல்லாம் விட்டுப்போகும்” என்றேன்.

இருவரும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து எண்ணினோம். அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ள, நான் கொப்பியில் எழுதினேன். 58 கண். துரு படாமல் இருக்க ஊசிக்குப் பதில் வெள்ளைப் பருத்தி நூலை ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் கோத்து முடிச்சுப் போட்ட பிறகுதான் கம்பியை எடுத்தோம். அது சைக்கிள் கம்பி. முனை கல்லில் தேய்த்தது. அவர் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பழுப்புக் கையை என்னிடம் நீட்டிவிட்டு, “ரசீது எங்க?” என்று கேட்டார். கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்.